கடவுச்சொல்லின் பணிமூப்பு

அண்ணன் காணாமல் போன மூன்றாவது வாரத்தில், அண்ணி கைப்பேசியில் அவருடைய முகத்தைத் தொட்டார். "வாழ்த்துகள்! இன்றைய அதிர்ஷ்டசாலி நீங்கள்தான்!" என்று எழுத்துகள் குதித்துக்கொண்டு வந்தன. வண்ணச் சக்கரம் ஒன்று சுற்றியது. காசு கொட்டுகிற சத்தம் கேட்டது.

அண்ணி ஏதோ சூதாட்டக் கடைக்குள் தெரியாமல் நுழைந்துவிடவில்லை. அது காணாமற்போனோர் தேடல் வாரியத்தின் அதிகாரபூர்வ இணையதளம். காணாமல் போனவர்களின் படங்கள் அதில் வரிசையாக இருக்கும். படத்தைத் தொட்டால் விவரம் விரியும் என்று வாரியம் பெருமையாக அறிவித்திருந்தது. இப்போது எந்த முகத்தைத் தொட்டாலும் சக்கரம்தான் சுற்றியது.

"தம்பி, உங்க அண்ணன் மூஞ்சியத் தொட்டா சீட்டாட வான்னு கூப்பிடுறான். என்னன்னு போய்க் கேளுங்க," என்றார் அண்ணி. அழுகிற குரலும் இல்லை, கோபக் குரலும் இல்லை. இரண்டுக்கும் தெம்பு தீர்ந்துபோன குரல் அது.

தம்பி என்றால் மெத்தைக்காரர். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய மெத்தைக்கடை அது. தம்பி பஞ்சு அடைப்பார், அண்ணன் ஓரம் தைப்பார். இரண்டு வருடங்களாக அண்ணனுக்கு மறதி. முதலில் வாடிக்கையாளர்களின் பெயர் போயிற்று, அப்புறம் கிழமைகள் போயின, கடைசியில் வீட்டுக்கு வரும் வழியும் போயிற்று. ஒருநாள் காலையில் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு, "இதோ வந்துடறேன்டா," என்று சொல்லிப் போனவர்தான். காவல் நிலையத்தில் கேட்டால், "அதெல்லாம் இப்ப வாரியம் பாக்குது," என்றார்கள். வாரியத்தில் கேட்டால், "எல்லாம் இணையதளத்துலயே இருக்கு," என்றார்கள். இணையதளத்தில் சக்கரம் இருந்தது.

சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு மெத்தைக்காரர் வாரியத்துக்குப் போனார். நாலு மாடிக் கட்டடம். வாசலில் காவலாளி, அவருக்குப் பின்னால் ஓர் இரும்புக் கதவு, அதற்குப் பின்னால் "தேடுங்கள், கண்டடைவோம்" என்று ஒரு பலகை. காவலாளி அவரைக் கணினி அறைக்கு அனுப்பிவைத்தார். அங்கே ஒப்பந்த ஊழியராக ஓர் இளம்பெண் இருந்தாள். கட்டடம் முழுக்க அவளைக் 'கம்ப்யூட்டர் பொண்ணு' என்றே கூப்பிட்டது.

அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, திரையின் உச்சியில் நீண்ட சிவப்புப் பட்டை ஒன்றைக் காட்டினாள். 'முக்கியமான பாதுகாப்புப் புதுப்பிப்பு காத்திருக்கிறது' என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு பொத்தான்.

"இந்தத் தளத்த நடத்துற மென்பொருள்ல அப்பப்ப ஓட்டை இருக்கிறது தெரியவரும் சார். உடனே அத அடைச்சுப் புதுப் பதிப்பு விடுவாங்க. எங்க ஓட்டைன்னு அப்ப ஊருக்கே தெரிஞ்சிடும், திருடனுக்கும் சேத்துதான். நாம மட்டும் அடைக்காம விட்டோம். உள்ள வந்துட்டான்."

"அடைக்க எவ்வளவு நாள் ஆகும்மா?"

"இந்தப் பொத்தான அழுத்தணும். டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சிடும். அப்புறம் திருடன் வச்சுட்டுப் போன குப்பைய நான் கூட்டிடுவேன்."

"அழுத்தேம்மா!"

அவள் அவரைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "நிர்வாகிக் கடவுச்சொல் வேணும் சார்," என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, இன்னொன்றையும் காட்டினாள். அண்ணனின் படத்துக்குக் கீழே, பொதுமக்கள் தகவல் எழுதிப்போடும் பெட்டி இருந்தது. திருடன் அதைத் தொடவில்லை. பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பு இருந்தது. படிக்காத தகவல்கள்: இரண்டு.

மெத்தைக்காரர் திரையின் பக்கம் குனிந்தார். "யாரோ பாத்திருக்காங்களா?"

"பாத்திருக்கலாம். இல்ல, விளம்பரமாவும் இருக்கலாம். எனக்கு எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். திறக்கிறதுக்கும் அதே கடவுச்சொல்தான்."

"எழுதினவங்க எனக்கே ஃபோன் பண்ணியிருக்கலாமே?"

"உங்க எண் தளத்துல இல்ல சார். பாதுகாப்பு கருதி மறைச்சுட்டாங்க."

கடவுச்சொல்லின் வரலாற்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. முன்பெல்லாம் அது ஒரு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருந்தது. டீ கொண்டுவருகிறவருக்குக்கூட அது மனப்பாடம். தணிக்கைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். வாரியம் விழித்துக்கொண்டது. கடவுச்சொல்லை மூன்று துண்டாக வெட்டி, பதவி வரிசைப்படி முதல் துண்டை இயக்குநருக்கும், இரண்டாவதைத் துணை இயக்குநருக்கும், மூன்றாவதை நிர்வாக அதிகாரிக்கும் கொடுத்தது. மூவரும் நேரில் வந்து ஒருவர் பின் ஒருவராகத் தட்டினால்தான் தளம் திறக்கும். ஒருவர் தட்டும்போது அறையில் இருக்கும் மற்ற எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும் என்பது விதி.

ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது, நிர்வாக அதிகாரிக்குப் பதவி உயர்வு வரும்வரை. அவர் கூடுதல் இயக்குநர் ஆனார். கூடுதல் இயக்குநர் என்றால் துணை இயக்குநருக்கு மேலே. ஆகவே தன் துண்டைத்தான் இரண்டாவதாகத் தட்ட வேண்டும் என்றார். அப்படியே தட்டவும் செய்தார். கணினி ஏற்க மறுத்தது. அன்றிலிருந்து தளம் திறக்கவில்லை, புதுப்பிப்பும் நடக்கவில்லை. ஆனாலும் புதன்தோறும் மூவரும் கூடித் தட்டுவது மட்டும் தவறவில்லை.

அடுத்த புதன்கிழமை மெத்தைக்காரரும் அந்த அறையில் சுவரைப் பார்த்து நின்றார். சுவரில் ஒரு பழைய ஆணி இருந்தது. பின்னால் இயக்குநர் விரலை ஒவ்வொன்றாக ஊன்றித் தட்டும் ஓசை, பிறகு கூடுதல் இயக்குநர், பிறகு துணை இயக்குநர். பிறகு கணினியிடமிருந்து ஒரு முனகல்.

"தவறான கடவுச்சொல்," என்று கம்ப்யூட்டர் பொண்ணு சுவரிடம் சொன்னாள்.

மெத்தைக்காரர் திரும்பிவிட்டார். "சார், ஒரே ஒரு தடவை பழைய வரிசையில தட்டிப் பாருங்க சார். எங்க அண்ணனப் பத்தி யாரோ எழுதியிருக்காங்க."

"செய்யலாம்," என்றார் கூடுதல் இயக்குநர் கனிவாக. "ஆனா நான் மூணாவதா தட்டினேன்னு கம்ப்யூட்டர்ல பதிவாயிடும். நாளைக்கு அதையே முன்னுதாரணமாக் காட்டுவாங்க. தலை இருக்க வால் ஆடலாமா?"

"வால்னு யாரச் சொல்றீங்க?" என்றார் துணை இயக்குநர்.

"பழமொழி சொன்னேன்."

"பழமொழியில நான் வர்றேனா, இல்லையா?"

இயக்குநர் கையை உயர்த்தினார். பேச ஆரம்பித்தால் அவருக்கு மேடை தேவையில்லை, நாலு பேர் போதும். "இதுல நாம யாரும் தப்பு பண்ணல. மென்பொருளுக்குப் பணிமூப்பு தெரியல, அவ்வளவுதான். அத உருவாக்கினவங்களுக்கு நான் எழுதியிருக்கேன். பதவி உயர்வு ஆணையோட நகலும் வச்சிருக்கேன்."

"பதில் வந்துடுச்சு சார்," என்றாள் பெண். "அவங்க சம்பளம் வாங்காம சேர்ந்து செய்யறவங்களாம். வேண்டியது எல்லாம் புதுப் பதிப்புல இருக்கு, முதல்ல புதுப்பிங்கன்னு எழுதியிருக்காங்க."

"சம்பளம் வாங்காமலா?" இயக்குநரின் முகம் மாறியது. "ஓசியில செய்யறவன் சொல்றதக் கேட்டு அரசாங்கத் தளத்துல கை வைக்கச் சொல்றியா? நான் ஒண்ணு கேக்கறேன். இந்தப் பழைய பதிப்பு எத்தனை வருஷமா ஓடுது! ஒருநாள் நின்னிருக்கா? புதுசுங்கறது நமக்குப் பழக்கமில்லாதது. பழக்கமில்லாதத நம்பறது பாதுகாப்பா?"

"திருடன் உள்ள இருக்கானே சார்," என்றார் மெத்தைக்காரர்.

"இருக்கான். ஆனா இப்ப அவனும் நமக்குப் பழகிட்டான். புதுசா எவன் வருவானோ, யாருக்குத் தெரியும்?"

மூன்று அதிகாரிகளும் தலையாட்டினார்கள். அவர்கள் ஒருமனதாக ஒன்றை ஏற்றுக்கொண்டது அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை. அறையை விட்டுப் போகும்போது இயக்குநர் நின்று, மெத்தைக்காரரின் தோளைத் தட்டி, நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது, அதற்கென்று ஏதாவது திண்டு தைத்துத் தர முடியுமா என்று விசாரித்தார்.

மெத்தைக்காரர் தைத்துக் கொடுத்தார். வேறு என்ன செய்வார்? காரியம் ஆகக் கழுதைக் காலையும் பிடி என்பார்கள். இது இயக்குநரின் இடுப்புதானே. ஓரத் தையல் மட்டும் சரியாக வரவில்லை. அது அண்ணனின் வேலை.

திண்டு போய்ச் சேர்ந்ததும் பலன் தெரிந்தது. அவர் எதிர்பார்த்த பலன் இல்லை. 'பொதுமக்கள் பிரதிநிதி' என்று அவரை இணையப் பாதுகாப்புக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும் கொடுத்தார்கள். அட்டை இருந்ததால் வாசலில் காவலாளி நிறுத்தவில்லை. தினமும் கடையைப் பாதியில் சாத்திவிட்டுக் கணினி அறைக்கு வருவார், பெட்டியின் எண்ணைப் பார்ப்பார், போவார். எண் இரண்டிலிருந்து மூன்றானது.

"மூணாச்சு அண்ணி," என்று அன்றைக்கு வீட்டில் சொன்னார்.

அண்ணி தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "விளம்பரக்காரன் மூணு தடவை எழுத மாட்டான் தம்பி. யாரோ விடாம எழுதறாங்கன்னா, அவர் அவங்ககிட்ட இருக்காருன்னு அர்த்தம்." அன்றைக்குத்தான் பல வாரங்களுக்குப் பிறகு அவர் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார். மெத்தைக்காரருக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

மறுநாள்தான் இணையப் பாதுகாப்பு நாள். வாரியம் அதைக் கொண்டாட முடிவு செய்திருந்தது. வளாகத்தில் பந்தல், ஒலிபெருக்கி, பெரிய திரை எல்லாம் தயாராயின. திரையில் வாரியத்தின் தளம் தெரிய வேண்டும். சிவப்புப் பட்டை அதன் உச்சியில் அசிங்கமாகத் தெரிந்ததால், அந்த இடத்தை மட்டும் மறைக்கிற மாதிரி ஒரு துணித் தோரணம் கட்டினார்கள். விழா நாளில் பாதுகாப்புக்குப் பங்கம் வரக்கூடாது என்று வெளியாட்கள் உள்ளே வரத் தடை போட்டார்கள். முக்கியமான வேலை இருக்கிறவர்கள் இணையதளத்தில் முன்பதிவு செய்துகொண்டு வரலாம். முன்பதிவுப் பக்கத்தைத் தொட்டாலும் சக்கரம்தான் சுற்றும் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இயக்குநர் சிறப்புரை ஆற்றினார். "சிலர் கேக்கறாங்க, உங்க தளத்துல சூதாட்டம் வருதேன்னு. நான் சொல்றேன், நண்பர்களே, புள்ளிவிவரத்தப் பாருங்க! போன வருஷம் நம்ம தளத்த எட்டிப் பாக்க ஆளில்ல. இந்த வருஷம் லட்சக்கணக்குல வர்றாங்க, ராப்பகலா வர்றாங்க. வந்தவங்க என்ன தேடி வந்தாங்கன்னு நாம கேக்கலாமா? நம்ம வாரியத்தோட பேரே தேடல் வாரியம். அவங்க தேடறாங்க. நாய் வித்த காசு குரைக்குமா?"

கைதட்டல் அடங்கியதும் உறுதிமொழி. அதை வாசிக்கப் பொதுமக்கள் பிரதிநிதியை மேடைக்கு அழைத்தார்கள். மெத்தைக்காரர் வாழ்நாளில் ஒலிபெருக்கியில் பேசியதில்லை. முதல் வரியில் தும்மல் வந்தது. பஞ்சுத் தொழிலில் அது கூடவே பிறந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்க வாசித்தார்.

"கடவுச்சொல்லை எவரிடமும் சொல்ல மாட்டேன்."

ஊழியர்கள் கையை நீட்டியபடி திருப்பிச் சொன்னார்கள்.

"அறிமுகம் இல்லாத எவரையும் உள்ளே அனுமதிக்க மாட்டேன். மென்பொருள் புதுப்பிப்பை ஒருபோதும் தள்ளிப்போட மாட்டேன்."

அதையும் சொன்னார்கள். கூடுதல் இயக்குநரின் குரல்தான் எல்லாவற்றையும்விட ஓங்கி ஒலித்தது. கம்ப்யூட்டர் பொண்ணு மட்டும் வாயை அசைத்தாளே தவிர சத்தம் வரவில்லை. மெத்தைக்காரருக்குத் தன் குரல் கட்டடத்தின் நாலு மாடியிலும் மோதி, மதிலைத் தாண்டித் தெருவுக்குப் போவது கேட்டது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் இவ்வளவு செய்த பிறகு தனக்காக ஒரு பொத்தானை அழுத்தாமலா போய்விடுவார்கள் என்றும் நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்ததை எண்ணி அவர் பின்னால் பலமுறை தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

விழா முடிந்து எல்லோரும் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனதும் கணினி அறைக்குப் போய்ப் பார்த்தார். எண் நான்காகியிருந்தது.

அதற்குப் பிறகு ஐந்தாகவே இல்லை.

புதன்கிழமைகள் வந்துபோயின. சுவரில் ஆணி அப்படியே இருந்தது. துணை இயக்குநர் தன் பதவிக்குச் சமமான மரியாதை கோரி நீதிமன்றம் போய்விட்டார், வழக்கு முடியும்வரை கடவுச்சொல்லின் வரிசையை மாற்றக் கூடாது என்று தடையும் வாங்கிவிட்டார். எந்த வரிசை என்பதைத் தடையாணை சொல்லவில்லை. மெத்தைக்காரர் ஊரெல்லாம் தேடிப் பார்த்தார். பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி வராந்தா, பாலத்தின் அடிவாரம் என்று ஓரிடம் விடவில்லை. அண்ணி எண்ணைக் கேட்பதை நிறுத்திவிட்டார். வாயைத் திறந்து கேட்டிருந்தால்கூட மெத்தைக்காரருக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அப்போதுதான் விருது வந்தது. 'மக்கள் அதிகம் நாடிய அரசு இணையதளம்' என்ற பிரிவில் வாரியத்துக்கு முதலிடம். இயக்குநர் கேடயம் வாங்கினார், படம் எடுத்தார்கள். அன்று மாலையே மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. படம் இன்றைக்குள் தளத்தின் முகப்பில் ஏறியாக வேண்டும்.

மூவரும் கணினி அறைக்கு ஓடிவந்தார்கள். வழக்கமாக அந்த நேரத்துக்கு வரும் மெத்தைக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பப் போனார். "அட, அதெல்லாம் வேணாம்யா!" என்றார் இயக்குநர். "பொண்ணே, நீயே தட்டு. என்னோட துண்டு, வாரியத்தோட பேரு."

"என்னோடது வாரியம் ஆரம்பிச்ச வருஷம்," என்றார் துணை இயக்குநர் மூச்சிரைக்க.

"என்னோடது ஒண்ணு ரெண்டு மூணு," என்றார் கூடுதல் இயக்குநர் வாசலிலிருந்தே. "சீக்கிரம், சீக்கிரம்."

மெத்தைக்காரர் வாயைப் பிளந்தபடி நின்றார். தெருவில் போகிற யாரைக் கேட்டிருந்தாலும் யூகித்துச் சொல்லியிருப்பார்களே! பழைய வரிசையிலேயே பெண் தட்டினாள். தளம் திறந்தது. பதவியும் வழக்கும் பணிமூப்பும் எங்கே போயின என்று தெரியவில்லை. கேடயத்தோடு இயக்குநரின் படம் முகப்பில் ஏறியது. மூவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

"சார், திறந்ததுதான் திறந்தோம், இந்தப் புதுப்பிப்புப் பொத்தானையும் அழுத்திடவா?" என்று கேட்டாள் பெண்.

"ஏறின போட்டோ போயிட்டா யார் பொறுப்பு? எதையும் தொடாத, மூடு."

"தகவல் சார், எங்க அண்ணனோட தகவல்!" மெத்தைக்காரர் கத்தியேவிட்டார்.

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்து, சரி என்று பெருந்தன்மையாகத் தலையசைத்தார். பெண் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக வாசித்தாள்.

முதலாவது: "உங்கள் தளத்தில் உள்ள படத்தில் இருப்பவர் எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறார். உறவினர்களிடம் சொல்லவும்."

இரண்டாவது: "அவரை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். நன்றாகச் சாப்பிடுகிறார். பஞ்சு வண்டி வந்துவிடும், தம்பி தனியாக இருக்கிறான், நான் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். உடனே வாருங்கள்."

மூன்றாவது: "இன்னும் பதில் இல்லை. எங்களுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. அவரை நேரில் உங்கள் அலுவலகத்திலேயே ஒப்படைக்க நாளை கூட்டி வருகிறோம்."

நான்காவதைப் பெண் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். "இன்று கூட்டி வந்தோம். உள்ளே விழா நடக்கிறது, இணையதளத்தில் பதிவு செய்தால்தான் அனுமதி என்று காவலாளி சொல்லிவிட்டார். பதிவு செய்ய முடியவில்லை. வெயிலில் மதில் ஓரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஒலிபெருக்கியில் யாரோ தும்மிவிட்டு உறுதிமொழி வாசித்தார். பெரியவர் எழுந்துவிட்டார். அது என் தம்பி, என்னைக் கூப்பிடுகிறான் என்றார். அவர் நிலைமை தெரிந்ததால் நாங்கள் நம்பவில்லை. காவலாளியிடம் மறுபடி கெஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கேயோ நடந்து போய்விட்டார். தெருத்தெருவாகத் தேடினோம். எங்களை மன்னிக்கவும். தயவுசெய்து அவரைத் தேடவும்."

இயக்குநர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார்.

"மனசத் தளர விடாதீங்க," என்று மெத்தைக்காரரின் கையைப் பிடித்தார். "நம்ம ஏற்பாடு எவ்வளவு துல்லியமா வேலை செஞ்சிருக்குன்னு பாருங்க. நாலு தகவலும் பத்திரமா வந்து சேர்ந்திருக்கு, ஒண்ணுகூடத் திருட்டுப் போகல. சட்டப்படி பாத்தா உங்க அண்ணன் கண்டுபிடிக்கப்பட்டுட்டார். பழைய மனுவ முடிச்சிடலாம், நம்ம கணக்குலயும் ஒண்ணு ஏறும். இப்ப அவர் புதுசாக் காணாமப் போயிருக்கார். அதுக்கு நீங்க தளத்துல புதுசாப் பதிவு பண்ணிடுங்க."

பெண் தளத்தை மூடினாள். சிவப்புப் பட்டை மறுபடி வந்து நின்றது. அவள் அழுதுகொண்டிருந்தாள். கூடுதல் இயக்குநரும் துணை இயக்குநரும் வாசலில் யார் முதலில் போவது என்று ஒரு கணம் நின்று, பிறகு இருவரும் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு வெளியேறினார்கள்.

மெத்தைக்காரர் எப்படிப் படியிறங்கினார் என்று அவருக்கே தெரியாது. மதில் ஓரத்தில் நிழல் தர ஒரு மரம்கூட இல்லை. அங்கே போய் உட்கார்ந்தார். உட்கார்ந்து பார்த்தால் பந்தல் போட்டிருந்த இடம் கம்பிக் கதவு வழியாக நன்றாகத் தெரிந்தது.

கைப்பேசி அடித்தது. அண்ணி.

"என்ன தம்பி, இன்னும் வரல? ஏதாவது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அண்ணி."

"எங்க இருக்கார்?" அண்ணியின் குரல் ஒரேயடியாக எழும்பியது.

அவர் கம்பிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"வந்துட்டுப் போயிட்டார், அண்ணி."